வழியனுப்பு விழா: பாலித்தீவின் இறுதிச் சடங்கும் அயலார் பார்வையும்

நுழையும்முன்

இறப்பு எல்லா நாட்டிலும் ஒன்றே. இறந்தவரை வழியனுப்பும் முறை நிலத்துக்கு நிலம் வேறுபடுகிறது. இந்தோனேசிய நாட்டின் பாலித்தீவில் வாழும் இந்துக்கள், இறந்தவரைக் கோபுரம் போன்ற தேரில் ஏற்றி, இசை முழங்க எடுத்துச் சென்று எரியூட்டுகின்றனர். அக்காட்சியைக் கண்ட அயல்நாட்டார் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதைப் பற்றி எழுதி வருகின்றனர். அவர்கள் எதைக் கண்டார்கள், எதைக் காணத் தவறினார்கள் என்பதை விளக்குவது இக்கட்டுரை.

தெருவில் வரும் கோபுரம்

தெருவை அடைத்துக்கொண்டு ஒரு கோபுரம் அசைந்து வருகிறது. மூங்கிலும் மரமும் கொண்டு கட்டி, வண்ணத்தாளும் துணியும் மினுக்கும் தகடும் ஒட்டி அழகு செய்த கோபுரம் அது. அதன் அடியில் மூங்கில் கழிகளைப் பின்னிய பெரிய சட்டம். அச்சட்டத்தைத் தோளில் தாங்கியவர்களாய் ஊர் இளைஞர்கள். முன்னும் பின்னும் வெண்கலத் தாளங்களும் முரசுகளும் தொங்கும் சேகண்டிகளும் ஓயாமல் ஒலிக்கின்றன. சுமப்பவர்கள் கூவுகிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் நீரை வாரி இறைக்கிறார்கள், நாற்சந்தி வந்ததும் கோபுரத்தை மும்முறை சுழற்றுகிறார்கள். பெண்கள் படையற்பொருள்களைத் தலையில் ஏந்தி வரிசையாக வருகிறார்கள். எவர் முகத்திலும் அழுகை இல்லை. முன்னறிவு இல்லாமல் அங்கு வந்து நிற்கும் ஒருவர் அதைக் கோயில் திருவிழா என்றே கருதுவார். அக்கோபுரத்தின் நடுவில், வெள்ளைத் துணியால் சுற்றப்பட்டு, ஓர் உடல் இருக்கிறது.

இந்தச் சடங்குக்கு ஙாபென் என்று பெயர். தமிழில் ஙகரம் சொல்லின் முதலில் வருவது மிக அரிது. பாலி மொழியில் அஃது இயல்பு. நெருப்பு அல்லது சாம்பல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர். அரச குடும்பத்தாருக்கு நடப்பதைப் பெலெபொன் என மதிப்புடன் குறிப்பிடுவர். உடலைச் சுமக்கும் கோபுரத்தின் பெயர் பாடே. தமிழ் மாணவருக்கு உடனே பாடை என்னும் சொல் நினைவுக்கு வரும். ஒலி ஒத்திருப்பது கொண்டு இரண்டும் ஒரே சொல் என்று முடிவுகட்டிவிடலாகாது. ஆயினும் வியப்பதற்குத் தடையில்லை.

கோபுரம் வெறும் அலங்காரம் அன்று. அதன் அடித்தளத்தில் பாம்புகள் சுற்றிய ஆமையின் உருவம் அமைந்திருக்கும்; உலகைத் தாங்கும் ஆமை அது. அதன்மேல் இலையும் பூவுமாக மலையும் காடும். அதற்கும் மேலே உடலை வைக்கும் மேடை. உச்சியில் அடுக்கடுக்கான கூரைகள். கீழுலகு, நிலவுலகு, மேலுலகு ஆகிய மூன்றையும் ஒரு தேருக்குள் அடக்கி, இறந்தவரை அவற்றின் இடையில் அமர்த்துகிறார்கள். கூரை அடுக்குகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாகவே இருக்கும். அரசர்க்கு 11 அடுக்குகள். குலமும் நிலையும் இறங்க இறங்க அடுக்குகளும் குறையும். இறப்பு அனைவரையும் சமமாக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. பாலித்தீவின் கோபுரங்கள் அதனை ஒப்புக்கொள்வதில்லை.

இடுகாட்டை அடைந்ததும் உடலைக் கோபுரத்திலிருந்து இறக்கி, காளை வடிவில் குடைந்து செய்த மரப்பேழைக்குள் வைக்கிறார்கள். சில குடிகளுக்குக் காளைக்கு மாற்றாகச் சிறகுள்ள சிங்கமோ, யானைத்தலையும் மீனுடலும் கொண்ட உருவமோ உரியது. பூசகர் மந்திரம் ஓதி, கலம் கலமாகத் தீர்த்தம் தெளிக்கிறார். பாலி மொழியிலும் அது தீர்த்தம்தான், திர்த்தா என்கிறார்கள். பிறகு பேழைக்குத் தீ மூட்டுகிறார்கள். கோபுரமும் நெருப்புக்கு இரையாகிறது. ஊரார் பல நாள் உழைத்துச் செய்தவை சிறிது நேரத்தில் சாம்பலாகின்றன.

அழுகை எங்கே?

இவ்வளவு பொருளையும் உழைப்பையும் கொட்டி இறந்தவரை அனுப்புபவர்கள் ஏன் அழவில்லை? அயலார் அனைவரும் கேட்ட கேள்வி இது. விடையின் முதற்பகுதி மிக எளியது. அதைத்தான் பலரும் கவனிக்கவில்லை. ஙாபென் நடக்கும் நாள் பெரும்பாலும் இறந்த நாள் அன்று.

இந்தியாவில் இறந்த அன்றோ மறுநாளோ எரியூட்டிவிடுவது பெருவழக்கு. பாலித்தீவில் அவ்வாறு செய்யச் செல்வம் உள்ளவர்களாலேயே இயலும். மற்றவர்கள் உடலை முதலில் இடுகாட்டில் புதைத்துவிடுகிறார்கள். பொருள் சேர்ந்து, நல்ல நாளும் குறித்த பிறகு, எலும்புகளைத் தோண்டி எடுத்துத் தூய்மை செய்து, அவற்றையோ இறந்தவரைக் குறிக்கும் உருவத்தையோ எரிக்கிறார்கள். இடையில் மாதங்கள் கழியலாம், ஆண்டுகளும் கழியலாம். அதுவரை உயிர் உடலின் தளையிலிருந்து முற்றும் விடுபடவில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. தந்தைக்கோ தாய்க்கோ எரியூட்ட இயலாமல் காலம் தள்ளும் மகனுக்கு அது தீராத கடன். அக்கடன் தீரும் நாளே ஙாபென். அன்று அவர் முகத்தில் தெரியும் நிறைவை அயலார் களிப்பு என்று எழுதினார்கள்.

இரண்டாவது காரணம் நம்பிக்கை சார்ந்தது. பிள்ளைகளின் அழுகை புறப்படும் உயிரைப் பின்னுக்கு இழுக்கும் என்று பாலி மக்கள் கருதுகின்றனர். அழுது தடுப்பது அன்பாகாது. முகம் மலர்ந்து வழிவிடுவதே அன்பு. நாற்சந்தியில் கோபுரத்தைச் சுழற்றுவதற்கும் இதனோடு தொடர்புண்டு. திரும்பி வரும் வழி உயிருக்குத் தெரியாமல் போகட்டும் என்பதற்காகவே சுழற்றுகிறார்கள். சுடலையிலிருந்து வருவோர் திரும்பிப் பார்க்கலாகாது என்று தமிழகத்தில் முதியோர் சொல்வதும், பாதி வழியில் பாடையை இறக்கித் திசை மாற்றித் தூக்குவதும் ஏறத்தாழ இதே எண்ணத்தின் வேறு வடிவங்கள்.

மூன்றாவது காரணம் ஊர். பாலித்தீவின் ஒவ்வோர் ஊரும் பஞ்சார் எனப்படும் குடியிருப்புக் குழுக்களாகப் பிரிந்துள்ளது. ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால் அந்தப் பஞ்சாரில் உள்ள எல்லாக் குடும்பங்களும் உழைப்பைத் தந்தாக வேண்டும். ஆண்கள் மூங்கில் வெட்டிக் கோபுரம் கட்டுகிறார்கள். பெண்கள் ஓலையும் அரிசிமாவும் கொண்டு படையற்பொருள்களைச் செய்கிறார்கள். இசைக்குழுவும் பெரும்பாலும் ஊராருடையதே. நெருக்கமும் ஓசையும் கலகலப்பும் ஒன்றுசேர்ந்த நிலையைக் குறிக்க ராமே என்றொரு சொல் பாலியில் உண்டு. எந்தச் சடங்கும் ராமேயாக இருந்தால்தான் நிறைவு. ஆளில்லாத, ஓசையில்லாத சடங்கு இறந்தவருக்கு இழிவு. துயருற்ற குடும்பத்தைத் தனியே விடாமல் இத்தனை பேர் சூழ்ந்துகொள்வதை வேடிக்கை என்று மட்டும் கண்டவர்கள், ஊர் செய்யும் உதவியைக் காணவில்லை.

பஞ்சாரின் பிடி இனிமையானது மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. ஊர்க் கடமையில் தவறியவரையும் ஊரோடு பகைத்தவரையும் ஒதுக்கிவைக்கும் வழக்கமும் அங்குண்டு. ஒதுக்கப்பட்ட குடும்பத்துக்கு இடுகாட்டில் இடம் மறுக்கப்படலாம். பிணம் தூக்க ஆள் கிடைக்காமலும் போகலாம். தோள் கொடுக்கும் ஊருக்குத் தோளை எடுத்துக்கொள்ளும் வலிமையும் இருக்கிறது.

கண்ணாடியும் மல்லிகையும்

ஊர்வலத்தை மட்டும் கண்டவர்கள் வீட்டுக்குள் நடக்கும் ஒரு சடங்கை அறிவதில்லை. எரியூட்டலுக்கு முன்னரே, வீட்டு முற்றத்தில் உறவினரும் ஊராரும் கூடி உடலை நீராட்டுகிறார்கள். பலர் கைகொடுத்துச் செய்யும் செயல் அது. நீராட்டியபின், கண்களின்மேல் கண்ணாடித் துண்டுகளையும், புருவத்தில் வேம்பின் இலைகளையும், பற்களில் இரும்புத் துணுக்கையும், மூக்கில் மல்லிகை மலர்களையும் வைக்கிறார்கள். மறுபிறவியில் கண் கண்ணாடிபோல் ஒளிர வேண்டும். பல் இரும்புபோல் உறுதியாக இருக்க வேண்டும். மூச்சு மல்லிகைபோல் மணக்க வேண்டும். குளிர்ந்துவிட்ட ஓர் உடலை இவ்வளவு அருகிலிருந்து, இவ்வளவு நுணுக்கமாகத் தொட்டு ஒப்பனை செய்பவர்களுக்குத் துயரம் இல்லை என்று சொல்வதற்குக் கல்நெஞ்சு வேண்டும்.

தேனிஷ் வணிகர் கண்டது

பாலித்தீவின் எரியூட்டலைக் கண்டு எழுதிய ஐரோப்பியருள் இன்றும் மிகுதியாக எடுத்துக்காட்டப்படுபவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த லுட்விக் ஹெல்ம்ஸ் என்னும் இளம் வணிகர். 1847ஆம் ஆண்டு கியான்யார் அரசரின் எரியூட்டலை அவர் நேரில் கண்டார். பெருங்கூட்டம், பொன்னிறக் கோபுரம், அரிமா வடிவப் பேழை என அவர் காட்டும் காட்சிகள் கண்ணைக் கவர்பவை. அன்று அரசரின் பெண்டிர் மூவர் எரியும் தீயில் பாய்ந்து உயிர்விட்டனர். அத்தனை அழகுக்கு நடுவே அக்கொடுமை நிகழ்ந்ததும், கூட்டம் அதனை இயல்பாக ஏற்று நின்றதும் ஹெல்ம்ஸை நிலைகுலையச் செய்தன. அவருடைய நூல் 1882இல் வெளிவந்தது. அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, அமெரிக்க மானுடவியலாளர் கிளிஃபர்டு கீர்ட்ஸ் பாலித்தீவின் பழைய அரசமைப்பைப் பற்றி 1980இல் எழுதிய நூலில் அப்பகுதியை நெடிதாக எடுத்தாண்டார்.

அயலார் பார்வை அனைத்தும் அறியாமையே என்று ஒதுக்குவோர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். ஹெல்ம்ஸுக்குப் பாலி மக்களின் நம்பிக்கை விளங்கவில்லை என்பது உண்மையாகலாம். ஆனால் மூன்று பெண்கள் எரிந்ததைக் கண்டு அதிர்வதற்கு எந்த நம்பிக்கையும் விளங்கியிருக்கத் தேவையில்லை. ஊர்க்காரருக்குப் பழகிப்போன ஒன்றை அயலான் கண் சில வேளைகளில் உள்ளபடி காண்கிறது. இந்தியாவில் 1829இல் உடன்கட்டைக்கு எதிராக வங்காளத்தில் சட்டம் இயற்றப்பட்டபோதும், வெளியார் கண்டனமும் இராசாராம் மோகன்ராய் போன்ற உள்நாட்டார் கண்டனமும் சேர்ந்தே ஒலித்தன.

பாலித்தீவில் அக்கண்டனத்தின் பின்வரலாறு நேர்மையானதாக இல்லை. 1903இல் தபானான் அரசரின் எரியூட்டலில் பெண்கள் உடன்கட்டை ஏறியது டச்சு ஆட்சியாளரிடையே பெரும் எதிர்ப்பை எழுப்பியது. அவ்வழக்கத்தை ஒழிக்குமாறு அரசர்களை வற்புறுத்தினர். அடுத்த ஆண்டு சானூர்க் கடற்கரையில் உடைந்த கப்பலொன்று கொள்ளையிடப்பட்டதைக் காரணம் காட்டி, 1906இல் படையுடன் வந்து இறங்கினர். பாடுங் அரசரும் அரச குடும்பத்தாரும் வெள்ளுடை உடுத்து, அணிகலன் பூண்டு, துப்பாக்கிகளின் எதிரே நடந்து சென்று மடிந்தனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். புபுத்தான் என்று பாலி மக்கள் அதனை நினைவுகூர்கின்றனர். 1908இல் குளுங்குங்கிலும் அதுவே நிகழ்ந்தது. தீயில் பாய்ந்த பெண்களுக்காக இரங்கியவர்களின் துப்பாக்கிகள், அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியான பெண்களைக் கொன்றன. கண்டனம் சரியானது, கண்டித்தவர்களின் கை தூய்மையானதன்று. இரண்டையும் ஒருங்கே சொல்வதுதான் வரலாற்றுக்கு ஒத்தது.

மகிழ்ச்சித் தீவு என்னும் கதை

வென்றவர்கள் சில ஆண்டுகளுக்குள் பாலித்தீவை உலகின் கடைசி இன்பவனமாக விளம்பரம் செய்யத் தொடங்கினர். டச்சுக் கப்பல் நிறுவனம் பயணியரை ஏற்றி வந்தது. 1928இல் டென்பசாரில் பெரிய விடுதி ஒன்று திறக்கப்பட்டது. எரியூட்டும் சடங்கு பயணியர் தவறவிடக் கூடாத காட்சியாயிற்று. மெக்சிகோ நாட்டு ஓவியர் மிகேல் கோவரூபியாஸ் 1937இல் வெளியிட்ட பாலித்தீவு பற்றிய நூல், உலகெங்கும் படிக்கப்பட்டது. சடங்குகளை அவர் கூர்ந்து நோக்கி எழுதியவர். மேலே கண்ட கண்ணாடித் துண்டும் மல்லிகையும் அவர் நூலிலும் உண்டு. ஆயினும் பாலி மக்களின் மாபெரும் களியாட்டம் அவர்களுடைய எரியூட்டலே என்னும் கருத்தை அந்நூல் வாசகர் மனத்தில் பதித்துவிட்டது. ஹெல்ம்ஸ் அஞ்சிய காட்சியைக் கோவரூபியாஸின் வாசகர்கள் விரும்பினார்கள். அஞ்சியவர், விரும்பியவர் இருவருமே வாடா முகத்தை மட்டும் பார்த்து உள்ளத்தைக் கணித்தவர்கள்.

இக்கணிப்பை நேராக மறுத்தவர் நார்வே நாட்டு மானுடவியலாளர் உன்னி விகான். 1980களில் வடபாலியில் குடும்பங்களோடு பழகி அவர் கண்டவை 1990இல் நூலாயின. பாலி மக்களின் நடத்தை மேடைக்கூத்துப் போன்றது, அதில் தனிமனித உணர்ச்சி பின்னுக்குச் சென்றுவிடுகிறது என்னும் போக்கில் கீர்ட்ஸ் முன்னர் எழுதியிருந்தார். விகான் அதனை ஏற்கவில்லை. காதலனை இழந்த ஓர் இளம்பெண் பிறர்முன் சிரித்துப் பேசியதை அவர் விவரிக்கிறார். அச்சிரிப்புக்குப் பின்னால் இருந்தது உணர்ச்சியின்மை அன்று, பெருமுயற்சி. துயரம் உடலின் உயிராற்றலைக் குறைக்கும். அவ்வாற்றலுக்குப் பாயு என்று பெயர். தமிழில் வாயு என்று வழங்கும் வடசொல்லே அது. ஆற்றல் குறைந்தவரை நோயும் ஏவலும் எளிதில் பற்றும். ஒருவர் அழுதால் அருகில் இருப்பவர் மனமும் தளரும். ஆகவே மனத்தைக் கைப்பிடித்து நடத்திச் செல்வதுபோல் ஒவ்வொருவரும் தம் மனத்தைத் தாமே நடத்த வேண்டும்; சுற்றியிருப்பவர்கள் சிரித்துப் பேசி அதற்குத் துணைசெய்ய வேண்டும். ஙாபென் ஊர்வலத்தில் காணும் சிரிப்பு அந்தத் துணையின் பேருருவம்.

விகானும் அயல்நாட்டவரே என்பதைக் கருத வேண்டும். அவர் வேறுபட்டது வந்த நாட்டால் அன்று. ஊர்வலம் கலைந்த பிறகும், மாதக்கணக்கில் அடுக்களையிலும் திண்ணையிலும் அமர்ந்து கேட்டார். அதனால் கேட்க முடிந்தது.

இந்தியர் வியப்பு

அயலார் என்றால் ஐரோப்பியர் மட்டும் அல்லர். இந்தியாவிலிருந்து செல்லும் இந்துக்களுக்கும் ஙாபென் வியப்பைத் தருகிறது. ஐம்பெரும் வேள்விகளில் முன்னோர்க்கு உரியதைப் பித்ர யக்ஞம் என்று பாலி மக்கள் கூறுவது பழகிய சொல்லாக இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து எலும்பைத் தோண்டி எரிப்பதோ புதிதாக இருக்கிறது. 1927இல் இரவீந்திரநாத் தாகூர், மொழியறிஞர் சுனீதி குமார் சட்டர்ஜி முதலியோருடன் பாலித்தீவுக்குச் சென்றார். இறந்தோர்க்கு அரச குடும்பத்தார் செய்த பெருஞ்சடங்கையும் கண்டார். ஒருநாள் கரங்கஅசெம் அரசருடன் ஒரே மகிழுந்தில் பயணம் செய்தார். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது, நெடுநேரம் பேச்சில்லை. வழியில் கடல் தெரிந்தது. அரசர் அதனைச் சுட்டிச் சமுத்திரம் என்னும் வடசொல்லைச் சொன்னார். தாகூர் முகம் மலர்ந்ததைக் கண்டு, அதுபோன்ற சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். தாகூர் தம் பயணக் கடிதத்தில் மகிழ்ந்து பதிவுசெய்த நிகழ்ச்சி இது.

உறவு கண்ட மகிழ்ச்சியிலும் ஓர் இடர் உண்டு. பாலித்தீவில் காண்பதை எல்லாம் பழைய இந்தியாவின் எச்சம் என்று இந்தியர் எண்ணிவிடுவது எளிது. முன்னோரைப் போற்றும் தீவு மக்களின் தொன்மையான வழக்கமும், சாவகத்திலிருந்து வந்த அரசவைப் பண்பாடும், இந்தியச் சமயக் கருத்தும் பல நூற்றாண்டுகள் கலந்து உருவானது ஙாபென். அதனை முழுக்க அயலது என்பதும் முழுக்க நம்முடையது என்பதும் ஒரே அவசரத்தின் இரு முகங்கள்.

தமிழகத்தின் கல்யாணச் சாவு

பாலித்தீவு வரை செல்லாமலே இக்கேள்வியைச் சந்திக்கலாம். பேரன் பேத்தி கண்டு, நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்த முதியவரின் இறப்பைத் தமிழர் கல்யாணச் சாவு என்பர். பூக்களால் அழகுசெய்த தேர்ப்பாடை, பறை, வெடி, ஆட்டம், பேரப்பிள்ளைகள் ஏந்தும் நெய்ப்பந்தம் எனத் தெருவே எழுந்துவிடும். இளம்வயதில் இறந்தவருக்கு இக்கோலம் இல்லை. பாலித்தீவிலும் பால்பல் விழாத குழந்தை இறந்தால் பெருங்கோபுரம் கிடையாது; சடங்கு மிக எளியது.

தமிழக வழக்கில் அழுகைக்குத் தடையில்லை என்பது பெரிய வேறுபாடு. வாசலில் பறை முழங்கும். உள்ளே பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். இரண்டும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் நடக்கும். சாவுக்குரிய பறையை நெய்தற்பறை என்று சங்க இலக்கியம் தனிப்பெயரிட்டு அழைத்தது. இரங்கல் நெய்தல் திணைக்குரிய உணர்வு என்பதை மாணவர் அறிவர். இன்று நகரங்களில் இந்த ஊர்வலத்தை முகம்சுளித்துப் பார்ப்பவர்களுள் பலர் தமிழரே. பள்ளி செல்லும் பிள்ளைகள் அதனை நாகரிகமற்றது என்று கருதும் நிலையும் உண்டு. பிறந்த ஊரிலேயே ஒருவர் அயலார் ஆகிவிட முடியும்.

எனினும் அந்த முகச்சுளிப்பு அனைத்தையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. பறை ஓசை கேட்போர்க்கு ஆறுதலாக இருந்த காலத்திலேயே, அதனை அடித்தவர்களுக்கு அது சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட கட்டாய ஊழியமாக இருந்தது. அவ்வூழியத்தை மறுத்தவர்கள் தண்டனைக்கு உள்ளானார்கள். இனிச் சாவுக்குப் பறையடிப்பதில்லை என்று முடிவெடுத்த ஊர்கள் உண்டு; அதே பறையைக் கலைமேடையில் தலைநிமிர்ந்து அடிக்கும் இளைஞர்களும் இன்று உண்டு. பாலித்தீவின் கோபுர அடுக்குகளைப் போலவே, தமிழகத்தின் சாவோசையிலும் மேல்கீழ் இருக்கிறது. கொண்டாட்டத்தின் அழகை வியப்பவர், அதைச் சுமக்கும் தோள் யாருடையது என்றும் கேட்டாக வேண்டும்.

செலவும் மாற்றமும்

தோளைப் பற்றிய கேள்வியைப் போலவே பணத்தைப் பற்றிய கேள்வியையும் பாலி மக்களே எழுப்பினர். ஙாபெனுக்காக நிலத்தை விற்றவர்களும் கடனில் மூழ்கியவர்களும் அங்குப் புதியவர்கள் அல்லர். வீண்செலவு என்று அயலார் சொன்னதை அவர்கள் அறியாமல் இல்லை. ஆனால் சடங்கை விட்டுவிடாமல் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் வழியைத் தேடினர். ஊரில் புதைத்திருக்கும் பலருக்கும் ஒரே நாளில் எரியூட்டும் கூட்டு ஙாபென் அதன் பயன். 1979இல் பெசாகிப் பெருங்கோயிலில் ஏக தச ருத்ர என்னும் பெருவேள்வி நடந்தபோது, அதற்குமுன் தீவெங்கும் புதைத்திருந்த உடல்களுக்கு எரியூட்ட வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டது. ஊர்தோறும் கூட்டு எரியூட்டல்கள் நிகழ்ந்தன. இன்று விறகோடு எரிவளியையும் பயன்படுத்துகின்றனர். எரியூட்டு நிலையங்களும் தோன்றியுள்ளன. பஞ்சாரோடு உறவு முறிந்தவர்களுக்கும், தொழிலின்பொருட்டு ஊரைவிட்டுச் சென்றவர்களுக்கும் அவை வழியாகியுள்ளன.

பெருஞ்சடங்குகள் மறைந்துவிடவில்லை. 2008ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், உபுத் அரச குடும்பத் தலைவர் சொகோர்டா க்டே அகுங் சுயாசாவின் எரியூட்டல் நடந்தது. கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 28 மீட்டர். உலகின் பல நாடுகளிலிருந்து செய்தியாளரும் பயணியரும் குவிந்தனர். அக்காலத்தில் ஊர்மக்கள் பலருக்கும் எரியூட்டல் நடந்தது. பெரும்பாலான படங்களில் அவர்கள் இல்லை.

பயணியரைப் பாலி மக்கள் பொதுவாகத் தடுப்பதில்லை. ஆள் கூடுவது ராமேக்கு நல்லதே. இடுப்பில் வேட்டிபோன்ற துணியும் அரைக்கச்சையும் அணிய வேண்டும், சடங்கு செய்வோருக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பவையே எதிர்பார்ப்பு. வருவோருள் சிலர் அதையும் காப்பதில்லை. பேழையின் அருகே ஏறி நின்று படம் எடுப்பவர்களைக் குடும்பத்தார் கடிந்து விரட்டுவதில்லை. முகம் மாறாமல் விலகி நடக்கிறார்கள். அதையும் மகிழ்ச்சி என்றே எழுதியவர்கள் இருக்கக்கூடும்.

தேரும் தீயும் முடிந்ததும் கூட்டம் கலைகிறது. குடும்பத்தார் அதன்பிறகுதான் சாம்பலுக்கு நீர் தெளித்து, எஞ்சிய எலும்புத் துண்டுகளை விரலால் பொறுக்கி எடுக்கிறார்கள். அவற்றைப் பொடித்து, மஞ்சள்நிற இளநீர்க் குடுவையில் இட்டு, வெள்ளைத் துணி சுற்றிக் கடற்கரைக்கோ ஆற்றங்கரைக்கோ எடுத்துச் செல்கிறார்கள். அலையில் அதனைக் கரைத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். இன்னொரு சடங்கு எஞ்சியிருக்கிறது. சில நாளிலோ சில ஆண்டுகள் கழித்தோ அது நடக்கும். அதன்பின் இறந்தவர் முன்னோருள் ஒருவராகி, வீட்டு வளாகத்தில் இருக்கும் குலக்கோயிலுக்குத் திரும்பி வருகிறார். நாற்சந்தியில் மும்முறை சுழற்றி வழியை மறக்கச் செய்தவர்களே, அன்று அவரை முறைப்படி வீட்டுக்கு அழைத்து, நாள்தோறும் பூவும் சோறும் படைக்கத் தொடங்குகிறார்கள்.